அக்காவுக்கு இருபத்து நாலு இஞ்ச்

இரண்டு வாரத்துக்கு முன்னால் நான் ஒரு டிவி வாங்கினேன். சின்ன டிவி. ஸ்மார்ட் டிவி. இருபத்து நாலு இஞ்ச்.

இதில் எழுத என்ன இருக்கிறது என்கிறீர்களா? சொல்லப்போனால், இந்த வாரம் உங்களுக்கு எழுத வைத்திருந்ததே இதைத்தான் — 'சின்ன ஸ்மார்ட் டிவி வாங்குவது எப்படி?' என்று ஜாலியாக ஒரு குறிப்பு. பாதி எழுதியும் விட்டேன். இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும், நான் ஒரு ரைஸ் குக்கர் வாங்கவே மூன்று வாரம் யோசித்த ஆள். டிவி என்றால் விடுவேனா?

அந்தப் பாதியை அப்படியே தருகிறேன். உபயோகப்பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள்.

சின்ன டிவியில் படம் எவ்வளவு தெளிவாக இருக்கும் என்பதைப் பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்க மாட்டார்கள். வாய் திறந்து கேட்க வேண்டும். சவுண்ட் பெரும்பாலும் பின்பக்கம் வழியாக வரும். சுவரோடு ஒட்டி மாட்டினால் குண்டானுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி கேட்கும். நமக்கு வேண்டிய ஆப் உள்ளேயே இருக்கிறதா, இல்லை, அதற்கென்று தனியாக ஏதாவது வாங்கிச் செருக வேண்டுமா? கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். வைஃபை அந்த ரூம் வரைக்கும் எட்டுகிறதா என்று போனை எடுத்துக்கொண்டு போய் நின்று பாருங்கள். முக்கியமாக, கடைக்குப் போகும் முன் சுவரை அளந்துவிடுங்கள்.

நான் எல்லாம் செய்தேன். சுவரைக்கூட இரண்டு தடவை அளந்தேன். பத்துப் பதினைந்து வீடியோ பார்த்தேன், நாலு கூட்டாளிகளிடம் விசாரித்தேன். ஒரே ஒருவரிடம் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை... யாருக்காக அதை வாங்கினேனோ, அவரிடம்.

அவர் என் அக்கா. ராஜம் அக்கா. என்னைவிடப் பதின்மூன்று வயது மூத்தவர். பிள்ளைகள் இல்லை. கிள்ளானில் ஒரு வாடகை வீட்டில் அத்தானும் அவருமாக வெகுகாலம் இருந்தார்கள். போன வருஷம் அத்தான் தவறிவிட்டார். கருமாதி அன்றைக்கே வீட்டுக்காரர் வந்து, வீட்டைத் தன் மகனுக்குக் கொடுக்கப்போவதாகத் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

நான் எழுந்து நின்று, அத்தனை சொந்தக்காரர்கள் முன்னாலும் சொன்னேன். "அக்கா இனிமே எங்க வீட்டுலதான் இருப்பாங்க."

பத்தி எழுதுகிறவன் அல்லவா? வசனம் நன்றாகத்தான் வந்தது. இரண்டு பெரியம்மாக்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

எங்கள் வீடு பிரிக்பீல்ட்ஸில் ஒரு ஃபிளாட். மூன்று ரூம். ஒன்று எனக்கும் என் மனைவி சாந்திக்கும். ஒன்று மகளுக்கு; அவள் பினாங்கில் படிக்கிறாள், வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை வருவாள். மூன்றாவது, சமையல்கட்டை ஒட்டிய சின்ன ரூம். அயர்ன் போர்டு, தீபாவளி லைட் பெட்டிகள், ஓடாத ஒரு ஃபேன்... இவையெல்லாம் குடியிருந்த ரூம். அதில் ஒரு கட்டிலைப் போட்டு அக்காவைக் குடிவைத்தோம்.

"புள்ள ரூம்தான் சும்மா கெடக்கே, அத அண்ணிக்குக் குடுக்கலாம்ல?" என்று சாந்தி கேட்டாள்.

"அவ லீவுக்கு வந்தா எங்க படுப்பா?" என்றேன்.

அப்போது அது ரொம்ப நியாயமான கேள்வியாக இருந்தது.

சரி, டிவிக்கு வருவோம். ஹாலில் ஒரு பெரிய டிவி இருக்கிறது. அதே ஹாலில் சாப்பாட்டு மேசை. அந்த மேசையில்தான் நான் உங்களுக்கு எழுதுவது. அக்கா வந்த பிறகு சாயங்காலமானால் ஹாலில் சீரியல் ஓடும். முன்பெல்லாம் சீரியல் என்றால் அரை மணி நேரத்தில் 'தொடரும்' போட்டு நம்மை விட்டுவிடுவார்கள். இப்போது அப்படியா? அடுத்த எபிசோட்... ஐந்து, நான்கு, மூன்று என்று தானே எண்ணிக்கொண்டு தானே ஓட ஆரம்பித்துவிடுகிறது. முடிவே கிடையாது.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அக்கா டிவியோடு பேசுவார். சும்மா முணுமுணுப்பு இல்லை — பேச்சு. "போகாதடி, அவன் பொய் சொல்றான்." "இப்ப பாரு, மாமியாக்காரி வருவா." நடிகை வாயைத் திறக்கும் முன்னால் அவள் வசனத்தை இவர் சொல்லிவிடுவார். பாதி நேரம் இவர் சொல்வதுதான் நன்றாக இருக்கும். ஆனால் பக்கத்து மேசையில் ஒருவன் தலையைப் பிடித்துக்கொண்டு வார்த்தை தேடுகிறானே, அவன் என்ன செய்வான்?

அவன் ஒரு யோசனை செய்தான். அக்காவுக்குத் தனியாக ஒரு டிவி. அவர் ரூமிலேயே.

எல்லோரிடமும் அதை அன்பளிப்பு என்றுதான் சொன்னேன். 'அக்காவுக்குன்னு சொந்தமா ஒண்ணு.' சொல்லச் சொல்ல எனக்கே அது உண்மையாகிவிட்டது. சாந்தி மட்டும், "அண்ணிய ஒரு வார்த்த கேளுங்களேன்" என்றாள். "சர்ப்ரைஸ் லா," என்றேன். சின்ன ரூமின் சுவரில் அயர்ன் போர்டுக்கும் அலமாரிக்கும் நடுவில் இருந்த இடத்தை அளந்தேன். இருபத்து நாலு இஞ்ச்தான் வரும்.

அயர்ன் போர்டை எடுத்து வெளியே வைக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இதை எழுதும்போது கை கூசுகிறது.

அந்தச் சனிக்கிழமை அக்காவையும் ஏற்றிக்கொண்டு கிள்ளானுக்குப் போனேன். அவருக்குக் கோயிலுக்குப் போக வேண்டும். பழகிய கடையில் மாவு வாங்க வேண்டும். திரும்பும் வழியில், "ஒரு சின்ன வேல இருக்குக்கா" என்று ஒரு எலெக்ட்ரிக் கடை முன்னால் காரை நிறுத்தினேன். காரில் வெக்கை. அக்காவும் கூடவே இறங்கி வந்தார். உள்ளே ஓடிக்கொண்டிருந்த ஃபேன் வரிசை முன்னால் போய் நின்றுகொண்டார். நான் டிவி பக்கம் போனேன். கடைக்காரருக்கு என் வயது இருக்கும்.

"எத்தன இஞ்ச் பாஸ்?"

"இருபத்து நாலு. ஸ்மார்ட்டா இருக்கணும்."

"இருபத்து நாலா? முப்பத்திரெண்டு எடுத்துக்குங்க பாஸ். இப்பலாம் அதான் சின்னது. இருபத்து நாலுல ஸ்மார்ட் தேடித்தான் எடுக்கணும்."

"எடம் இல்ல லா. சின்னது போதும்."

"யாருக்கு பாஸ்? புள்ளைங்களுக்கா?"

"இல்ல. அக்கா ஒருத்தவங்க வீட்டுல தும்பாங் இருக்காங்க. அவங்க ரூமுக்கு."

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. தும்பாங் என்பது மலாய்ச் சொல். ஒருவர் காரில் ஓசியில் ஏறிக்கொண்டால் அது தும்பாங். ஒருவர் வீட்டில் ஒண்டிக்கொண்டால் அதுவும் தும்பாங். கெட்ட வார்த்தை ஒன்றும் இல்லை. "கிள்ளான் வரைக்கும் தும்பாங் கெடைக்குமா?" என்று நாம் தினமும் சொல்கிற வார்த்தைதான். எப்படியும் இறங்கிவிடுகிற ஆள் என்பது மட்டும் அதற்குள் இருக்கிறது.

ரசீதை வாங்கிக்கொண்டு திரும்பினேன். அக்கா அதே இடத்தில், ஃபேன் காற்றில் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். நாலைந்து அடி தூரம் இருக்கும். கேட்டிருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

ஏன் அப்படி நினைத்துக்கொள்ள வேண்டியிருந்தது? நான் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை என்றால், கேட்டிருந்தால்தான் என்ன?

மறுநாள் டிவியை மாட்டினேன். அக்கா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு எதுக்குத் தம்பி தனியா?" என்று ஒரு தடவை கேட்டார். "உங்க இஷ்டத்துக்குப் பாக்கலாம்லக்கா," என்றேன்.

ஆப்பைத் திறந்தால், 'யார் பார்ப்பது?' என்று கேட்டு, வீட்டில் இருப்பவர்கள் பெயரை வரிசையாகக் காட்டும் அல்லவா? எங்கள் மூன்று பேர் பெயரும் இருந்தது. நாலாவதாக ஒன்று சேர்க்க வேண்டும். ரிமோட்டில் பெயர் அடித்திருக்கிறீர்களா? ஒவ்வொரு எழுத்துக்கும் மேலே, கீழே, வலது, இடது என்று அம்புக்குறியை அமுக்கி அமுக்கிப் போக வேண்டும். ராஜம்மாள் என்று இங்கிலீஷில் அடிக்க எட்டு எழுத்து. பக்கத்திலேயே, ஒரே அமுக்கில், 'கெஸ்ட்' என்று ஒன்று தயாராக இருந்தது.

அமுக்கினேன்.

அக்காவுக்கு இங்கிலீஷ் தெரியாது என்று சொல்ல மாட்டேன். ஷா ஆலாமில் ஒரு ஹோட்டலில் இருபத்திரண்டு வருஷம் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்த்தவர். அங்கே தினமும் பார்த்த வார்த்தைகள் அத்தனையும் தெரியும். டவல், பெட்ஷீட், செக்-அவுட்... எல்லாவற்றுக்கும் மேலே, கெஸ்ட்.

"கெஸ்ட்டுன்னா போட்டிருக்கு தம்பி?"

"அது சும்மாக்கா. பேர் அடிக்க நேரமாவும்னு..."

"கெஸ்ட்டுன்னா நல்லதுதான்," என்று சிரித்தார். "கெஸ்ட்டுக்கு டவல்லாம் குடுப்போம். செக்-அவுட் மட்டும் டைமுக்குப் பண்ணிடணும்." ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அதே சிரிப்போடு, "தும்பாங்னு போடாம விட்டியே" என்றார்.

நானும் சிரித்தேன். அந்த இடத்திலேயே பெயரை மாற்றியிருக்கலாம். ரிமோட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு, வேலை இருப்பதாகச் சொல்லிக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

இனிமேல் சொல்லப்போவதுதான் எனக்கு இன்னும் வெட்கம். அடுத்த நாலு நாள் நான் சந்தோஷமாக இருந்தேன்.

ஹால் அமைதியாக இருந்தது. அக்கா சாப்பிட வருவார், தட்டைக் கழுவி வைப்பார், ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். நான் மேசையில் உட்கார்ந்து மளமளவென்று எழுதினேன். எழுதி முடித்துப் பெரிய டிவியில் பந்து விளையாட்டுப் பார்த்தேன். ஒரு கூட்டாளிக்குப் போன் போட்டு, "நல்ல டிவி லா, உள்ள ஓடுறது வெளிய கேக்கவே இல்ல" என்று பெருமை வேறு.

வியாழக்கிழமை சாயங்காலம் ஒரு நிகழ்ச்சிக்குக் கிளம்ப வேண்டும். சட்டை அயர்ன் பண்ண வேண்டும். போர்டு அக்கா ரூமில் இருக்கிறது. அக்காவைப் பார்க்கப் போனேன் என்று உங்களிடம் சொல்ல ஆசைதான். போர்டை எடுக்கத்தான் போனேன்.

கதவைத் தட்டிவிட்டுத் திறந்தேன். அக்கா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தார். மறுமுனையில், கிள்ளானுக்கும் அந்தப் பக்கம் காப்பாரில் இருக்கும் அவருடைய பழைய ஹோட்டல் கூட்டாளி.

"...எங்கயாச்சும் ரூம் இருந்தா சொல்லு லா. சின்னது போதும்."

சின்னது போதும்.

போனை வைத்தார். சுவரில் சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் இல்லை. போன் பேசுவதற்காகக் குறைத்திருப்பார் என்று நினைத்தேன். ஆனால் வைத்த பிறகும் அவர் ரிமோட்டைத் தொடவில்லை. அந்தச் சின்னத் திரையையே பார்த்தபடி, குரலே எழும்பாமல், "நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன், நீங்களே இருந்துக்குங்க" என்று அந்த நடிகைக்காகச் சொன்னார்.

"சத்தம் வைக்கலையாக்கா?"

திடுக்கிட்டுத் திரும்பினார். "நீ எழுதிட்டிருப்பல்ல தம்பி."

"கதவுதான் சாத்தியிருக்கே."

"செவரு மெல்லிசு லா. எனக்கென்னா, பழக்கந்தானே."

பழக்கம். அவர் எதைச் சொன்னார் என்று எனக்குப் புரிய ஒரு நொடிகூட ஆகவில்லை.

பத்தொன்பது வயதில் நான் கிள்ளானுக்கு வந்தேன். பகலில் ஒரு ஃபேக்டரியில் வேலை, சாயங்காலம் டிப்ளமா வகுப்பு. தங்கியது அக்கா வீட்டில். அது ஒரு ஹால், ஒரு ரூம் உள்ள வீடு. ஹாலை எனக்குக் கொடுத்துவிட்டார்கள். என் படுக்கை, என் புத்தகம், என் மேசை எல்லாம் அங்கேதான். டிவியும் அங்கேதான்.

அத்தான் லோரி ஓட்டினார். வகுப்பு இல்லாத நாளில் நான் மேசையில் படித்துக்கொண்டிருப்பேன். அவர் வேலையிலிருந்து வந்து, குளித்து, சாப்பிட்டு, டிவி முன்னால் உட்காருவார். அக்கா முதல் வேலையாகச் சத்தத்தை முழுசாகக் குறைத்துவிடுவார் — தம்பி படிக்கிறான். இரண்டு பேரும் சத்தமே இல்லாமல் படம் பார்ப்பார்கள். அக்கா அத்தானின் காதோரம் வசனம் சொல்லிக்கொண்டே இருப்பார். வாய் அசைவதைப் பார்த்து, எல்லாம் சொந்தக் கற்பனை. அத்தான் தோள் துண்டை வாயில் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார். நான் திரும்பி முறைப்பேன். இரண்டு பேரும் அடங்கிவிடுவார்கள்.

ஆறு வருஷம். அவர்கள் வீட்டில், அவர்கள் டிவியை, அவர்கள் சத்தமில்லாமல் பார்த்தார்கள்.

ஒரு தடவை பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் நின்று அத்தானிடம் கேட்டார். "யாரு இது, ஒங்க வீட்டுல தும்பாங்கா?" உள்ளே இருந்த எனக்குக் கேட்டது. "தும்பாங் இல்ல லா, நம்ம வீட்டு ஆளு" என்று அத்தான் சொன்னதும் கேட்டது. நம்மைப் பற்றிப் பேசினால் நாலைந்து அடி தூரத்தில் எல்லோருக்கும் கேட்கும். ஃபேன் ஓடினாலும் கேட்கும்.

அக்கா டிவியோடு பேசுகிறார் என்று இத்தனை மாதம் உங்களிடமும் ஒன்றிரண்டு தடவை கிண்டலாக எழுதியிருக்கிறேன். அக்கா டிவியோடு பேசவில்லை. பக்கத்தில் அத்தான் இல்லை, பழக்கம் மட்டும் போகவில்லை.

அயர்ன் போர்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"அக்கா, கடையில நான் சொன்னது..."

"என்னா சொன்ன?"

"தும்பாங்னு..."

"உள்ளதத்தானே சொன்ன. அதுக்கு ஏன் மூஞ்சியத் தொங்கப் போடுற? போ, சட்டைய அயர்ன் பண்ணு, நேரமாவுது."

திட்டியிருக்கலாம். அழுதிருக்கலாம். கருமாதி வீட்டில் நான் பேசிய வசனத்தை எனக்கே சொல்லிக் காட்டியிருக்கலாம். ஒன்றும் செய்யவில்லை. நான் நிகழ்ச்சிக்குப் போகவில்லை.

"காப்பாருக்குலாம் போவாதீங்கக்கா," என்று மட்டும் சொன்னேன்.

"பாப்போம் தம்பி."

மறுநாள் மகளுக்குப் போன் போட்டு, சுற்றிவளைத்து அவள் ரூமைப் பற்றிக் கேட்டேன். "என்னாப்பா நீங்க? அத்த இன்னுமா அந்த ஸ்டோர்ல இருக்காங்க? நான் வந்தா அத்தகூடப் படுத்துக்குவேன் லா," என்றாள். ஒரு வருஷமாக நான் நியாயம் என்று நினைத்துக்கொண்டிருந்த கேள்விக்கு அவள் பதில் சொல்ல எடுத்துக்கொண்டது அவ்வளவு நேரம்தான்.

இப்போது அக்கா மகள் ரூமில் இருக்கிறார். அத்தான் படம் ஜன்னல் பக்கத்தில். அயர்ன் போர்டு எங்கள் ரூம் கதவுக்குப் பின்னால். சின்ன ரூமில் எனக்கென்று ஒரு எழுத்து மேசை; அந்த இருபத்து நாலு இஞ்சில் நான் பந்து பார்க்கிறேன். பந்து எங்கே போகிறது என்று தெரியவில்லை. எனக்கு அது போதும்.

பெயரையும் மாற்றினேன். எட்டு எழுத்து, ஒவ்வொன்றாக. எவ்வளவு நேரம் ஆகிறது என்று வேண்டுமென்றே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அடித்தேன். ஒன்றரை நிமிஷம். அந்த ஒன்றரை நிமிஷத்தைத்தான் நான் என் அக்காவுக்குக் கொடுக்காமல் மிச்சம் பிடித்திருக்கிறேன்.

டிவி வாங்கப் போகிறவர்களே, மேலே நான் எழுதிய குறிப்பெல்லாம் சரிதான். அளந்துகொண்டு போங்கள், ஆப்பைப் போட்டுப் பாருங்கள். ஆனால் கடைக்காரர் "யாருக்கு பாஸ்?" என்று கேட்பார். அங்கே மட்டும் கொஞ்சம் நிதானித்துப் பதில் சொல்லுங்கள். பக்கத்தில் ஃபேன் வரிசை இருக்கும்.

கதை சுபமாக முடிந்துவிட்டது என்று நினைக்கிறீர்களா? காப்பார் கூட்டாளி இன்னும் போன் பண்ணிக்கொண்டுதான் இருக்கிறார். அக்கா அவரிடம் வேண்டாம் என்று சொன்னதை நான் இதுவரை கேட்கவில்லை.

சாயங்காலமானால் அக்கா ஹாலில் வந்து உட்காருகிறார். பெரிய டிவி, சத்தத்தோடு. ஆனால் முன்பு இல்லாத ஒரு புதுப் பழக்கம் வந்திருக்கிறது. ரிமோட்டை எடுக்கும் முன், சின்ன ரூம் வாசல் வரைக்கும் வந்து நின்று என்னிடம் கேட்கிறார்.

"தம்பி, கொஞ்ச நேரம் பாக்கட்டுமா?"

"இது ஒங்க வீடுக்கா," என்கிறேன். தினமும் சொல்கிறேன். மறுநாள் மறுபடியும் வந்து கேட்கிறார்.

ஆறு வருஷம் அவர் வீட்டு ஹாலில் இருந்தேன். ஒரு நாள்கூட நான் அப்படிக் கேட்டதில்லை.